ஒரு சதவீதம் பெரிய காக்பிட்

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் நல்ல பனி. ஒன்பது மணிக்கு மேல் வெறும் வறண்ட காற்று. ரெசின் வேலைக்கு இதைவிட நல்ல வாரம் அமையாது. ஈரக்காற்று பட்டால் ரெசின் நுரைத்துக்கொண்டு வரும், ஆப்ப மாவு மாதிரி.

சர்ச் முடிந்ததும் நேரே மாடி அறை. இன்றைய வேலை:

காக்பிட் மாஸ்டரை (பிரின்டரில் எடுத்த மூலப் படி) கழுவிக் காயவைக்க.
அதைச் சுற்றிப் பெட்டி கட்டி, அச்சுக்கு சிலிகான் ஊற்ற.
மாஸ்க் வாங்க (மறந்தாயிற்று).
அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை (இதுவும்).

கீழேயிருந்து அம்மா: "கதவைச் சாத்திக்கிட்டு அந்த நாத்தத்தை நீயே மோந்துக்கடி." சிலிகானுக்கு வாசனையே கிடையாது. சொன்னால் நம்பமாட்டாள்.

சர்ச் வாசலில் ஒரு அக்கா கேட்டார், "பொம்மை பிளேன் செய்யறியாமா ஸ்டெல்லா?" சிரித்துவைத்தேன். பதில் மாடிப்படி ஏறும்போதுதான் வந்தது. பிளேன் செய்வதில்லை அக்கா. பிளேன் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். அதற்குள் விமானி உட்காரும் காக்பிட் என்ற பேரில் ஒரு மொட்டைப் பலகையும் இரண்டு முக்காலியும்தான் இருக்கும். அது பொறுக்காத ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களுக்காக சுவிட்ச், பெல்ட், மெத்தைத் தையல் எல்லாம் தெரிகிற மாதிரி ரெசினில் வார்த்துத் தருகிறோம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. ஒரு சீட் என் கட்டைவிரலின் மேல் கணு உயரம்.

"தருகிறோம்" என்று எழுதியிருக்கிறேன். அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

இது பதினோராவது காக்பிட். முதல் பத்தும் கார்த்தி வரைந்தது, நான் வார்த்தது. (இனி கா. முழுப்பேர் எழுதினால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.) இரும்பு வார்க்க மாதிரி செய்யும் எங்கள் பேட்டர்ன் ஷாப்பில் எனக்கு அடுத்த கம்ப்யூட்டர் அவருடையது. பகலில் பம்புக்கு பேட்டர்ன், சாயங்காலம் இந்த மாடியில் காக்பிட். இப்போது ஹாம்பர்க்கில் நிஜ விமானத்துக்கு சீட் வரைகிறார். போய் மூன்று வருஷம் இரண்டு மாதம். இந்தப் பதினோராவதை நானே வரைந்தேன்.

வியாழக்கிழமை வருகிறார். அடுத்த ஞாயிறு அவர் தங்கை நந்தினிக்குக் கல்யாணம், கருமத்தம்பட்டியில்.

போகும்போது இதே மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "பாப்பா கல்யாணம் முடியட்டுங்க ஸ்டெல்லா. முடிஞ்ச அடுத்த மாசமே நாம." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன்.


பிப்ரவரி 2, திங்கள்

இதமான வெயில். ஆபீஸில் பம்ப் கேசிங் (வெளிக்கூடு) ஒன்று, பழைய படத்தில் அளவே சரியில்லை. ஓனர்: "ஏனுங்க ஸ்டெல்லா, இன்னைக்குள்ள ஆகுங்களா?" ஆகாது. ஆகும் என்றேன்.

சாயங்காலம் அச்சு பிரித்தேன். முதல் வார்ப்பில் தலைசாயும் இடத்தில் குமிழி. தூக்கி எறிந்தேன். இரண்டாவது சுத்தம். வழவழ என்று, சுண்ணாம்புக் கலரில்.

இது பயிற்சி ஜெட். சொல்லித்தருபவரும் கற்றுக்கொள்பவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை கூட இல்லை, நிஜத்தில் முழங்கை முழங்கையோடு இடிக்கும்.

பெல்ட்டை கா. மாதிரியே வரைந்திருக்கிறேன். மற்ற கம்பெனிக்காரர்கள் மெத்தைமேல் நேராக, இஸ்திரி போட்ட மாதிரி வைப்பார்கள். கா. ஒரு பக்கத்தைச் சரியவிட்டு, கொக்கியை விளிம்பில் தொங்கவிடுவார். "ஆளு இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காருங்க, உடனே வந்துருவாரு" என்று விளக்கம் வேறு. அவர் போன பிறகு எனக்கு அந்த பெல்ட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் வரைகிறேன்.

மாத்திரை வாங்கியாயிற்று.


பிப்ரவரி 3, செவ்வாய்

சேரவில்லை.

காக்பிட்டை உள்ளே வைத்து விமானத்தின் இரண்டு பாதி உடலையும் சேர்த்துப் பிடித்தால் முதுகில் கோடு மாதிரி இடைவெளி. இரண்டு தாள் கனம் இருக்கும். பக்கத்தை உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். அப்படியும் இடைவெளி. இன்னும் தேய்த்தேன், சுவிட்ச் வரிசையே போய்விட்டது. வேறொன்று எடுத்தேன். அதுவும் அதே கதை.

ஜப்பான் வாடிக்கையாளர் ஒருவர் ஆறு செட் கேட்டிருக்கிறார். பாவம், ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

என் கோபம் ஜப்பான்காரர் மேலும் இல்லை, ரெசின் மேலும் இல்லை. பத்து செட் தப்பில்லாமல் வந்தது, நான் தனியாகச் செய்த முதல் செட்டே காலை வாரிவிட்டது என்பதுதான். கா. வந்து பார்க்கும்போது இது மேஜைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "நீங்க இல்லாமலும் ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முகம் கொஞ்சம் வாடுவதைப் பார்க்க வேண்டும். சின்னப்புத்திதான்.

போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். வேறு யாரைக் கேட்பது?

அம்மா, சோறு போட்டுக்கொண்டே: "வியாழக்கெழம வாரானாம்ல?" யார் சொன்னது என்று கேட்கவில்லை. "நீயும் இலவு காத்த கிளியாட்டம் காத்துப்போட்ட" என்றாள். ரசம் ஊற்று என்றேன்.


பிப்ரவரி 4, புதன்

மதியம் ஆபீஸில் இருக்கும்போது கா. போன். படிக்கட்டுக்கு வந்து எடுத்தேன்.

"ஏனுங்க, எந்த ஃபைல்ல வரஞ்சீங்க?"

"ஆபீஸ் ஃபைல்லதாங்க. புதுசா எதுக்குத் தொறக்கறதுன்னு."

அப்புறம் ஒரே சிரிப்பு. "பம்ப் கேசிங் பண்ணிப்போட்டீங்க ஸ்டெல்லா!"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னை நூற்றுக்கு ஒன்று பெரிதாக வரைவோம். எட்டு வருஷமாக வரைகிற கை. ஆபீஸ் ஃபைலில் அந்த ஒரு சதவீதம் தானாகவே ஏறிக்கொள்ளும், எட்டிப் பார்ப்பதே இல்லை. ரெசின் எங்கே அப்படிச் சுருங்குகிறது? கண்ணுக்கே தெரியாது. இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலத்தில் கால் மில்லிமீட்டர் அதிகம். அதுதான் அந்த இரண்டு தாள். ஃபவுண்டரி ஊரில் பிறந்தவளைத் தவிர இந்தத் தப்பை எவளும் செய்யமாட்டாள்.

சிரித்து முடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. மிச்சமிருக்கிற எல்லா காக்பிட்டையும் தப்பாகவே வார்த்துவிடலாம் போல இருந்தது.

"நெம்ப நாளாச்சுங்க, இப்பிடிச் சிரிச்சு" என்றார் அவரும். பிறகு குரல் இறங்கி, "நேர்ல வந்து பேசறனுங்க."

என்ன பேச? நாள் குறிப்பதைப் பற்றி என்றால் போனிலேயே சொல்லலாமே. சாயங்காலம் பூராவும் இந்த யோசனைதான். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய்விட்டேன்.

யோசித்தால், அவர் விஷயத்திலும் நான் ஃபவுண்டரிக் கணக்குத்தான் போட்டிருக்கிறேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாக்கியே மனதில் வைத்துக்கொண்டேன்.


பிப்ரவரி 5, வியாழன்

விமானம் காலை ஏழு மணிக்கு இறங்கியிருக்கும். ஏர்போர்ட் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி. கருமத்தம்பட்டி போகிற ரோடும் அந்தப் பக்கம்தான். வருவார் என்று நினைக்கவில்லை. தலைக்குக் குளித்திருந்தேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குச் செய்தி: "வந்துட்டேங்க. ஊட்ல ஒரே கூட்டம்."

அந்த வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஷாப்பில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அவர்கள் தோட்டம் துரவு உள்ள கவுண்டர் குடும்பம். என் தாத்தா அந்த மாதிரித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர், அப்பாதான் முதலில் ஃபவுண்டரிக்கு வந்தார். பேரைக் கேட்டு, சர்ச்சைக் கேட்டு, ஊரைக் கேட்டு கா.வின் அம்மா கணக்குப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் ஸ்டீல் டம்ளரில் காபி. எனக்கு மட்டும் பேப்பர் கப். "சூடா இருக்குது கண்ணு, பாத்துக் குடி" என்று அவ்வளவு அன்பாகச் சொன்னார். கா. அதைப் பார்த்தார். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்காமலே இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

மாஸ்டரைத் திருத்தி பிரின்ட் போட்டேன். ஒரு சதவீதத்தை எடுத்தாயிற்று. மூன்று தடவை அளந்தேன்.


பிப்ரவரி 7, சனி

நேற்று சிலிகான், இன்று வார்ப்பு. ஒன்றில்கூடக் குமிழி இல்லை. விமான உடலில் வைத்துப் பார்க்கவில்லை. கா. வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு எந்தச் சேலை? மெரூன் ரொம்ப ஆடம்பரம். பச்சை, ஈஸ்டருக்கு எடுத்தது. பச்சையே.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்கூட்டுக் கல்யாணத்துக்கு நீ போயே ஆகோணுமா?"

"பத்திரிகை வந்திருக்குதும்மா."

"போன்ல வந்துச்சு. மஞ்ச தடவி வரலியே."

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து மடிப்பைச் சரிசெய்தாள். "நல்லாத்தான்டி இருக்குது" என்றாள்.


பிப்ரவரி 8, ஞாயிறு

காந்திபுரத்திலிருந்து பஸ். கூட ஆபீஸ் சுந்தரி. மண்டபம் நிறையக் கார். வாசலில் வாழை மரம், சந்தனம், கற்கண்டு, எல்லாம் முறையாக.

நந்தினி அழகு. அழுதுகொண்டே சிரித்தாள். பாட்டுக்காரர் மங்கல வாழ்த்து சொல்ல, கா. தங்கைக்குப் பின்னால் பட்டு வேட்டியில் நின்றார். இளைத்திருக்கிறார். காதோரம் நரை. யாரைக் கேட்டு நரைத்தது? எனக்குச் சொல்லாமல் இவருக்கு மூன்று வயது ஏறியிருக்கிறது.

என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார், ஆபீஸ் ஆட்களுக்கு ஆட்டுவதுபோல.

அவர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வா அம்மணி. அம்மா சௌக்கியமா? சாப்புட்டுத்தான் போகோணும்." போட்டோவுக்கு ஆள் சேர்த்தபோது கூட்டம் தள்ளியதில் நான் மேடை ஓரம் போய்விட்டேன். "கண்ணு, நீ கொஞ்சம் அக்கட்டால நில்லு, இது ஊட்டாளுக. அப்புறமா ஃப்ரெண்ட்ஸுக எல்லாம் எடுத்துக்கலாம்." குரலில் ஒரு சுருக்கம் கிடையாது. கோபப்படக்கூட இடம் தராத மரியாதை. இறங்கி நின்றேன்.

பந்தியில் எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள். "அடுத்து பையனுக்குத்தானுங்களே. பல்லடத்துல ஒரு எடம் இருக்குது. கோழிப்பண்ணைக்காரங்க, ஒரே பொண்ணு." இன்னொருத்தி: "பையன் சரின்னா நாளைக்கேன்னு அவங்கம்மா சொல்றாங்க." சுந்தரி இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பாயச வாளியோடு கா.வே வந்தார். வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்து என் இலையருகில் நின்றார்.

"கொஞ்சம் போடட்டுங்களா?"

"போடுங்க."

குனிந்து ஊற்றும்போது மெதுவாக, "செவ்வாக்கெழம நாலு மணிக்கு ஊட்டுக்கு வாரனுங்க." அப்படியே அடுத்த இலைக்குப் போய்விட்டார். எனக்குப் பாயசம் பிடிக்காது. அவருக்குத் தெரியும். முழுக்கச் சாப்பிட்டேன்.


பிப்ரவரி 9, திங்கள்

லீவு போட்டிருக்கலாம். போகவில்லை, இல்லை, போனேன். என்ன எழுதுகிறேன்.

மாடி அறை பெருக்கினேன். இரண்டு நாற்காலி. ரெசின் டப்பாக்களை அடுக்கினேன்.

வேணும் என்றால் வேணும்தான். இதில் வெட்கம் என்ன. எனக்கு அவர் வேணும். காலையில் எழுந்தால் அந்த முகம் பக்கத்தில் வேணும். சண்டை போட வேணும். நரையை நான் கேலி செய்ய வேணும்.


பிப்ரவரி 10, செவ்வாய்

நாலு என்றார், மூணே முக்காலுக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு சாக்லேட் டப்பா. அம்மா கல்யாணத்தைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல பீங்கான் கப்பில் காபி கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை நாள் பேசியதற்கு அவள் தானாகப் போவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

மாடிக்கு வந்தோம். பதினோராவது செட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "உள்ள வெச்சுப் பாத்தீங்களா?" இல்லை என்றேன். காக்பிட்டை உடலுக்குள் வைத்து இரண்டு பாதியையும் சேர்த்தார். டிக் என்று மூடிக்கொண்டது. விரல் நகத்தால் முதுகுக் கோட்டைத் தடவிப் பார்த்தார். நகத்துக்கே தட்டுப்படவில்லை.

"என்னைய விட நல்லாப் பண்ணிப்போட்டீங்க" என்றார். நான் ஆசைப்பட்ட மாதிரியே முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

பிறகு, அதைக் கீழே வைக்காமலே: "ஒரு வருஷம் பொறுத்துக்கங்க ஸ்டெல்லா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாப்பா இப்பத்தான் அந்த ஊட்டுல கால் வெச்சிருக்கா. நான் இப்ப இதச் சொன்னா அவளத்தானுங்க பேசுவாங்க. ஒரு கொழந்தைன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் அவள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்பச் சொன்னா இணைச்சீருக்கே அவள அனுப்பமாட்டாங்க."

இணைச்சீர் என்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தங்கை உட்கார்ந்து செய்கிற சீர். அது இல்லாமல் அவர்களுக்குக் கல்யாணமே இல்லை.

"ரெஜிஸ்தர் ஆபீஸ்ல ஏதுங்க இணைச்சீரு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. மூன்று வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கல்யாணத்துக்குக் காத்திருந்திருக்கிறோம். எனக்கு மூன்று சாட்சியும் ஒரு கையெழுத்தும். அவருக்கு மண்டபம், மங்கல வாழ்த்து, பக்கத்தில் தங்கை, கீழே முதல் வரிசையில் அம்மா சிரித்த முகத்தோடு. அதில் மணமகள் இடத்தில் என்னை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார், பாவி மனுஷன். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தக் கல்யாணம் நடக்காதுங்க" என்றேன். "ஒரு வருஷம் ஆனாலும் நடக்காது, பத்து வருஷம் ஆனாலும் நடக்காது. நடக்கறது ரெஜிஸ்தர் ஆபீஸ் கல்யாணந்தான். அதுக்கு நாளைக்கே போயி நோட்டீஸ் குடுக்கலாம். உங்கம்மா அழுவாங்க. பாப்பாவப் பேசுவாங்க. எங்களையும் பேசுவாங்க, பேச்சோட நிக்குமான்னும் தெரியாது. எல்லாந் தெரிஞ்சுதான் கேக்கறேன். வாரீங்களா?"

கையிலிருந்த இரண்டு பாதியையும் பிரிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கீழே யாரோ ஸ்கூட்டர் ஸ்டார்ட் செய்தார்கள். மூன்று உதை, நாலாவதில் கிளம்பியது.

"ஒரே ஒரு வருஷம் மட்டுங்க."

"இல்லீங்க. இனி என்னால முடியாதுங்க."

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை.


பிப்ரவரி 11, புதன்

மேகமூட்டம். மழை வராது.

ஆறு செட் பேக்கிங். முகவரி ஒட்டியாயிற்று. ஜப்பான்காரருக்குத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி. ஆபீஸில் பம்ப் கேசிங் திருத்தம், மறுபடியும்.

அம்மா காலையில் எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. குரல் நடுங்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அதற்கு அப்புறம் அவர் மாடிப்படி இறங்கினார், நான் பின்னாலேயே இறங்கினேன். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினார். ஒரு கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வதற்கு "சரிங்க" என்ற வார்த்தை வாயிலேயே இருந்தது. ஒரு வருஷம் என்ன, குழந்தை பிறக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், எல்லாத்துக்கும் சரிங்க.

எழுந்தார். பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கேட்கவில்லை.